அன்பா ஒரு கைப்பிடி டி.ஏ.பி.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. காலையில இன்னும் பல்லுகூட விளக்கல. கோத்தகிரியில இருந்து அக்கா போன்.

"டேய், உன் செடி ஒரு மாதிரி ஆயிடுச்சுடா."

ஒரு மாதிரின்னா என்ன மாதிரி?

"இலை ஓரமெல்லாம் கருகினாப்ல இருக்கு. நீ ஒண்ணும் டென்ஷன் ஆவாத. மாமா நல்லா உரம் வெச்சிருக்காரு. தேறிடும்."

உரம்னு காதுல விழுந்ததுமே வயித்துல புளியைக் கரைச்சுது.

"என்ன உரம்க்கா?"

பின்னாடி இருந்து மாமா குரல். பெருமை தாங்கல அவருக்கு. "டி.ஏ.பி. மாப்ளே! கேரட்டுக்கு வாங்கினது மிச்சம் கெடந்துச்சு. தாராளமாவே ஒரு கைப்பிடி போட்டேன்!"

மூணு வருஷம் வளர்த்த செடிங்க. பேரு கிரெவில்லியா. ஆஸ்திரேலியாக்காரி. அவளைக் கொல்ல சுலபமான வழி எதுன்னு யாராவது என்னைக் கேட்டிருந்தா இதைத்தான் சொல்லியிருப்பேன். தாராளமா ஒரு கைப்பிடி டி.ஏ.பி.

அந்தக் கோவத்துல எழுதறதுதான் இது. (மாமா வாட்ஸ்அப் தவிர வேற எதுவும் படிக்க மாட்டாரு. அந்த தைரியம்.)

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன பின்கதை. நான் இருக்கறது சத்தியவேடு. ஊத்துக்கோட்டையைத் தாண்டினா தமிழ்நாடு முடிஞ்சு ஆந்திரா ஆரம்பிக்குமே, அந்தப் பக்கம். 1960-ல எல்லையை மாத்திப் போட்டப்ப திருத்தணி அங்க போச்சு, நாங்க இங்க வந்தோம். சித்தூர் மாவட்டம்னு சொல்லி நாக்கு பழகிடுச்சு. 2022-ல திருப்பதி மாவட்டம்னு போர்டை மாத்திட்டாங்க. நாங்க மட்டும் உக்காந்த எடத்துலயேதான் உக்காந்திருக்கோம். வீட்டுல தமிழ், கடைத்தெருவுல தெலுங்கு. திருப்பதி போனா நான் 'அரவ' ஆளு, அதாவது தமிழன். கோத்தகிரி போனா 'ஆந்திராக்காரரு'. அதனாலயோ என்னவோ, ஊர் விட்டு ஊர் வந்து மண்ணுக்குப் பழகத் திணர்ற செடிங்க மேல எனக்கு ஒரு தனிப் பாசம்.

ஆனா சத்தியவேட்டுல குளிர்ப்பிரதேசச் செடி வளர்க்கறதுன்னா, தோசைக்கல்லுல ஐஸ் வைக்கற கதைதான். மே மாசம் எங்க மொட்டை மாடியில செருப்பில்லாம நிக்க முடியாது. ஒருதடவை கோத்தகிரியில இருந்து ஒரு லெப்டோஸ்பெர்மம் தொட்டியை மடியில வெச்சு எடுத்துட்டு வந்தேன். நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா தூங்கல, எவனாவது மிதிச்சிடுவானோன்னு. ஏப்ரல் மாசம். ஒம்போது நாள். பத்தாவது நாள் அது துடைப்பக்குச்சி.

எங்க பழைய சித்தூர் மாவட்டத்துக்குன்னு இருந்த குளிர் ஹார்ஸ்லி ஹில்ஸ் ஒண்ணுதான். மதனப்பள்ளி பக்கம், நாலாயிரம் அடிக்கு மேல. கடப்பா கலெக்டரா இருந்த ஹார்ஸ்லி துரை வெயில் தாங்காம மேல போய் பங்களா கட்டிக்கிட்டாரு, அவர் பேரே மலைக்கு நின்னுடுச்சு. (அதுக்கு முன்னாடி ஏனுகு மல்லம்மா கொண்டா. எவ்ளோ அழகான பேரு. யானைங்க வளர்த்த மல்லம்மாவோட மலை.) அங்க எனக்கு சொந்தம்னு யாரும் கெடையாது. கோத்தகிரியில அக்கா இருக்கு, அக்காவுக்கு வீட்டுக்குப் பின்னாடி இருபது சென்ட் சரிவு இருக்கு, மாமா தேயிலைத் தோட்டத்துல சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவரு. ஆறு வருஷமா என் தோட்டம் அங்கதான். நான் வருஷத்துக்கு நாலு தடவை போவேன். மிச்ச நாளெல்லாம் மாமா ராஜ்ஜியம்.

பிரச்சினையே அதான்.

ஏன் ஆஸ்திரேலியாச் செடின்னு எல்லாரும் கேக்கறாங்க. ரோஜா வெச்சா ஆகாதா, ஹைட்ரேஞ்சியா வெச்சா ஆகாதான்னு. ஆகும். ஆனா நாம நம்ம ஊருன்னு நெனச்சுக்கிட்டிருக்கற பாதி விஷயம் ஆஸ்திரேலியாக்காரங்கதான்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்குப் பைத்தியம் பிடிச்சுது.

நீலகிரித் தைலம் எடுத்துக்கோங்க. பேருலயே நீலகிரி இருக்கு. மரம் நீலகிரிதான்னு முப்பது வயசு வரைக்கும் நம்பினேன். அது தாஸ்மேனியாப் பக்கத்து மரங்க. 1843-ல காட்டன்னு ஒரு கேப்டன் ஊட்டி மலைக்குக் கொண்டு வந்தாருன்னு பழைய கெசட்டியர்ல இருக்கு. மலையில வெள்ளைக்காரங்க குடியேறக் குடியேற சோலைக்காடெல்லாம் விறகாப் போச்சு, அவசரத்துக்கு வேகமா வளர்ற மரம் வேணும், அதுக்காக வந்தது. இப்ப கோத்தகிரியில அதுக்குக் 'கற்பூர மரம்'னு பேரு. எங்க ஊர் வந்தா தைல மரம். எங்க ஊர்த் தெலுங்குல 'ஜாமாயில்'. இத்தனை பேரு வெச்சுக் கொஞ்சுற அளவுக்கு சொந்தமாயிட்டான்.

தேயிலைத் தோட்டத்துல நிழலுக்கு நிக்கற சில்வர் ஓக்? ஆஸ்திரேலியா. ஊட்டிக்குப் போயிட்டு வர்றவங்க ஒரு கொத்து காஞ்ச பூ வாங்கிட்டு வருவாங்க பாருங்க, தொட்டா காகிதம் மாதிரி சரசரன்னு இருக்கும், வருஷக்கணக்கா வாடாது. 'ஊட்டிப் பூ'ன்னு எங்க வீட்டு டிவி மேல பதினஞ்சு வருஷம் இருந்துச்சு. அதுவும் ஆஸ்திரேலியா!

சரி, அங்க இருந்து வந்தவங்க இவ்ளோ பேரு நல்லா இருக்காங்களே, வராத பசங்களையும் கூப்பிட்டுப் பாப்போம்னு ஆரம்பிச்சதுதான்.

முதல் செடியிலயே ஏமாந்தேன்.

பாட்டில் பிரஷ் வேணும்னு ஒரு நர்சரியில கேட்டேன். எந்த நர்சரின்னு சொல்ல மாட்டேன். "கோல்டன் பாட்டில் பிரஷ் இருக்கு சார், சூப்பரா இருக்கும்"னு தங்க மஞ்சள் இலையோட ஒண்ணு குடுத்தாரு. சிவப்பு பிரஷ் பூ எப்ப வரும்னு கேட்டதுக்கு "மூணு வருஷம்"னாரு. மூணு வருஷம் காத்திருந்தேன். சின்னச் சின்னதா வெள்ளையா என்னமோ வந்துச்சு, மல்லித்தழை பூத்த மாதிரி. அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுது. அது மெலலூக்கா பிராக்டியேட்டா. இலைக்காக வளர்க்கற ஜாதி. சிவப்பு பிரஷ்லாம் அது ஜென்மத்துக்கும் வராது. இன்னைக்கும் ஊர்ல பாதிப் பேரு அபார்ட்மெண்ட் வாசல்ல அதை வெச்சுட்டு சிவப்புப் பூவுக்குக் காத்திருக்காங்க. காத்திருக்காதீங்க.

நெஜ பாட்டில் பிரஷ் எங்க சத்தியவேட்டு வீட்டு வாசல்லயே இருக்கு. கிளை தொங்கற ஜாதி. அது வெயிலையும் தாங்கும். சிவப்பா இருக்கறது இதழ் இல்லைங்க, மகரந்தக் காம்பு. கிட்டப் போய் பாத்தா ஒவ்வொரு சிவப்பு நூல் நுனியிலயும் ஒரு மஞ்சப் பொட்டு. பூ கொட்டினதும் காம்பைச் சுத்தி மிளகு ஒட்டி வெச்சாப்ல காய்ங்க நிக்கும். உரிச்சாலும் வராது. வருஷக்கணக்கா அப்படியே கெட்டியா கெடக்கும். காட்டுத்தீ வந்தாலோ கிளை செத்தாலோதான் வாயத் தொறந்து விதையை விடும். காலையில ஆறரைக்கு ஊதாத் தேன்சிட்டு ஒண்ணு தலைகீழாத் தொங்கிக்கிட்டு வேலை பாக்கும். ஆஸ்திரேலியாவுல இதுக்குன்னே தேனுண்ணிப் பறவைங்க ஒரு பெரிய குடும்பமே இருக்கு. இங்க வேலையை நம்ம தேன்சிட்டு எடுத்துக்கிச்சு, யாரும் சொல்லிக் குடுக்கல.

மலைத் தோட்டத்துக்கு வருவோம்.

ஆறு வருஷத்துல பதினேழு செடி வெச்சேன். இன்னைக்கு உசுரோட இருக்கறது ஆறு. (மாமா கைங்கரியத்துக்கு முன்னாடி ஏழு.) செத்ததெல்லாம் எதனால செத்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். முதல் ரெண்டு வருஷத்துப் பக்கத்தைப் பொரட்டினா ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப: நவம்பர்.

போரோனியா, நவம்பர். ஜெரால்டன் வேக்ஸ், நவம்பர். கங்காரு பா (பூ நெஜமாவே கங்காரு பாதம் மாதிரி இருக்கும், மொசமொசன்னு), அதுவும் நவம்பர். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நல்லா பேயும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு அடிச்சு ஓஞ்சதுக்கப்புறம் எங்க பக்கம் அக்டோபர்ல ஆரம்பிக்கும். கூடவே மூட்டம். நாள் கணக்கா துணி காயாது. செடி வேரு மட்டும் காயுமா?

ரொம்ப நாள் 'வடிகால் சரியில்ல'ன்னு மண்ணையே திட்டிக்கிட்டிருந்தேன். மணல் கலந்தேன், ஜல்லி கலந்தேன், மேடு கட்டினேன். அப்புறம் ஒருநாள் செத்தவங்க பட்டியலையும் அவங்க சொந்த ஊரையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தேன். தூக்கி வாரிப் போட்டுது.

நவம்பர்ல செத்த மூணு பேரும் மேற்கு ஆஸ்திரேலியா!

பெர்த் பக்கம் மழை எப்பன்னா அவங்க குளிர்காலத்துல. கோடையில சொட்டுத் தண்ணி கெடையாது. நம்ம மலையில தலைகீழ். இதமா இருக்கறப்ப மழை கொட்டும், ஜனவரி குளிர்ல காஞ்சு கெடக்கும். சொந்த ஊர்ல ஓய்வெடுக்கற நேரத்துல இங்க தலை மேல தண்ணி. அதுங்க அழுகாம என்ன செய்யும்? சிட்னி, பிரிஸ்பேன்னு கிழக்குக் கரையோரம் கோடையிலயும் மழை உண்டு. அங்க இருந்து வந்தவங்கதான் எங்க சரிவுல நிக்கறாங்க. ரெண்டு வருஷம் மண்ணைத் திட்டினதுக்கு பதிலா ஒரு மேப்பைப் பாத்திருக்கலாம். ஆஸ்திரேலியாச் செடின்னு மொத்தமா சொல்றதே தப்பு. அவ்ளோ பெரிய கண்டம் அது. காஷ்மீர் ஆப்பிளும் நம்ம பனைமரமும் 'இந்தியச் செடி'ங்கற மாதிரி.

அந்த கங்காரு பா முளைக்க வெச்ச கதை தனி.

விதை பெங்களூர்ல ஒரு கடையில கெடைச்சுது. மெல்போர்ன்ல இருக்கற சித்தி பையன் "நானே சாக்ஸுக்குள்ள வெச்சு எடுத்துட்டு வரேன்ணா"ன்னான். வேணவே வேணாம்டான்னுட்டேன். விதை, செடி எது வெளிநாட்டுல இருந்து வந்தாலும் இறக்குமதி அனுமதியும் நோயில்லைன்னு அந்த நாட்டு சர்டிபிகேட்டும் வேணும், 2003-ல போட்ட ஆர்டர் அது. (அவன் ஏர்போர்ட்ல அம்மா குடுத்த கறிவேப்பிலையைத் தொலைச்சு அழுதவன். ஆனாலும் புத்தி வரல.)

இருபது விதை. ரெண்டு மாசம் தண்ணி தெளிச்சேன். ஒண்ணும் அசையல. படிச்சுப் பாத்தா, இந்த ஜாதிக்கெல்லாம் புகை வேணுமாம். காட்டுத்தீ ஓஞ்சதும், போட்டிக்கு ஆள் இல்ல, சாம்பல் இருக்கு, இதான் நேரம்னு விதைக்கு சேதி சொல்றது புகைதான். புகைக்குள்ள இருக்கற எந்தப் பொருள் பல விதைங்களுக்கு அந்த வேலையைச் செய்யுதுன்னு 2004-ல பெர்த் விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சாங்க. அப்புறம் அந்த வகைப் பொருளுக்கே 'கரிக்கின்'னு பேரு வெச்சாங்க. அந்த ஊர்ப் பழங்குடி நூங்கர் மொழியில 'கரிக்'னா புகையாம். நம்ம 'கரி'யோட எப்படி ஒத்துப் போகுது பாருங்க! (தற்செயல்தான். இதை வெச்சு யாரும் குமரிக்கண்டம் வரைக்கும் போயிடாதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.)

புகைதானே, நம்ம வீட்டுல இல்லாத புகையா? வெள்ளிக்கெழம அக்கா சாம்பிராணி போட்டப்ப விதைத் தட்டை உள்ள வெச்சு அண்டாவைக் கவுத்தேன். வீடே மணந்துச்சு. மகாலட்சுமி வந்திருப்பா, முளை வரல. சாம்பிராணி பிசின் ஆச்சே, வேணுங்கறது செடி கருகற புகை. அடுத்த தடவை காஞ்ச புல்லும் சருகும் போட்டு மூட்டம் போட்டேன். அக்கா கண்ணு எரிஞ்சு திட்டித் தீத்துடுச்சு. நாலு விதை முளைச்சுது! அதுல மூணை நத்தை தின்னுச்சு. மிஞ்சின ஒண்ணு மேல சொன்ன நவம்பர்ல போச்சு.

பாங்க்சியா ரெண்டு வெச்சேன். 1770-ல கேப்டன் குக் கப்பல்ல போன ஜோசப் பாங்க்ஸ் பேரு வெச்ச செடி. ரெண்டும் போச்சு. அதைப் பத்திப் பேச வேணாம்.

நல்லா வந்தவங்களைப் பத்தி சொல்றேன்.

லெப்டோஸ்பெர்மம். டீ ட்ரீன்னு ஆஸ்திரேலியாவுலயும் நியூசிலாந்துலயும் பேரு. இந்தப் பேரால வீட்டுல சண்டையே வந்துச்சு. மாமா முப்பத்தியாறு வருஷம் தேயிலையில இருந்தவரு. "சுத்தி நாலா பக்கமும் டீயா இருக்கு, இன்னொரு டீ ட்ரீ எதுக்கு மாப்ளே?" குக் ஆளுங்க நியூசிலாந்துல இந்த இலையைக் கொதிக்க வெச்சு டீக்கு பதிலாக் குடிச்சாங்க, அதனால வந்த பேருன்னு சொன்னேன். மாமா ஒரு இலையைக் கிள்ளி கசக்கி மோந்து பாத்தாரு. ரொம்ப நேரம் யோசிச்சாரு. "அவங்களுக்கு வேற வழி இல்ல"ன்னுட்டுப் போயிட்டாரு. (பருவுக்குப் போடற டீ ட்ரீ ஆயில் இதுல இருந்து வர்றது இல்ல. அது மெலலூக்காவுல ஒரு ஜாதி.) ஜனவரியில குட்டிக் குட்டியா ரோஸ் கலர்ல பூக்கும். ஒவ்வொரு பூவுக்கும் நடுவுல பச்சையா ஒரு கிண்ணம். தேன் அதுலதான். வெள்ளைக்கண்ணிக் குருவிங்க கூட்டமா வந்து ஒரு செடியை ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டுப் போகும்.

அப்புறம் வெஸ்ட்ரிஞ்சியா. சிட்னிக் கடற்கரைச் செடி. பாக்க அச்சு அசல் ரோஸ்மேரி. நீலகிரியில இப்ப நெறைய பேரு ரோஸ்மேரி பயிர் பண்றாங்க இல்லையா, அக்கா இதையும் அதுன்னு நெனச்சு ஒரு கிளையை ஒடிச்சு கோழி வறுவல்ல போடப் போச்சு. நான் அன்னைக்கு அங்க இருந்தேன், தப்பிச்சோம்.

கடைசியா கிரெவில்லியா.

ரெண்டு வெச்சேன். பாங்க்சியை ஜாதி, சிவப்புப் பூ. பூன்னா நாம நெனக்கற பூ இல்ல. சுருண்ட கம்பிங்களைக் கட்டி வெச்ச மாதிரி. ஒவ்வொரு கம்பியும் வளைஞ்சு நுனி உள்ள மாட்டிக்கிட்டிருக்கும், ஒருநாள் பட்டுனு விடுபட்டு நிமிரும். விரல்ல தொட்டா தேன் ஒட்டும். ஆனா ஒண்ணு, கவாத்து பண்றப்ப முழுக்கைச் சட்டை போட்டுக்கோங்க. நான் போடல. முழங்கை வரைக்கும் தடிச்சுப் போய் மூணு நாள் சொறிஞ்சேன். கம்பளிப்பூச்சின்னு அக்கா மஞ்சளை அரைச்சுப் பூசி விட்டுச்சு. செடியேதான் காரணம். ஒத்துக்காத தோலுக்கு இந்த ஜாதி அப்படித்தான் பண்ணுமாம்.

இனிமே டி.ஏ.பி.

டி.ஏ.பி. மூட்டை மேல 18-46ன்னு போட்டிருக்கும். பதினெட்டு பங்கு நைட்ரஜன், நாப்பத்தாறு பங்கு பாஸ்பேட். கேரட்டுக்கு, உருளைக்கு அமிர்தம். ஆஸ்திரேலியா மண்ணு ரொம்பக் கிழட்டு மண்ணு. கோடிக்கணக்கான வருஷமா மழை கழுவிக் கழுவி பாஸ்பரஸே இல்லாமப் போச்சு. அந்த வறுமையில பொறந்த கிரெவில்லியா, பாங்க்சியா, ஹேக்கியா குடும்பம் அதுக்குன்னே ஒரு வேரு வெச்சிருக்கு. மண்ணுல எங்க ஒரு துணுக்கு பாஸ்பரஸ் ஒட்டியிருந்தாலும் அமிலத்தை விட்டுக் கரைச்சு உறிஞ்சிடும். எடுக்கத் தெரியும், போதும்னு நிறுத்தத் தெரியாது பல செடிங்களுக்கு. பஞ்சத்துல வளந்த புள்ளையைக் கல்யாணப் பந்தியில உக்கார வெச்ச மாதிரி, தின்னு தின்னே சாகும்.

போனை வெச்சுட்டு அன்னைக்கு ராத்திரியே ரயில் ஏறிட்டேன். மேட்டுப்பாளையத்துல பஸ் பிடிச்சு மேல போய்ச் சேர்றப்ப ஒம்போது மணி. செடியைப் பாத்தேன். கீழ் இலையெல்லாம் ஓரத்துல இருந்து உள்ள நோக்கி கருப்பா எரிஞ்சிருக்கு. கொழுந்து மட்டும் வெளிறின மஞ்சள். அடியில சாம்பல் கலர் குருணை இன்னும் முழுசாக் கரையாம கெடக்கு. மாமா அதைக் காட்டி, "பாரு, இன்னும் சத்து பாக்கி இருக்கு"ங்கறாரு!

பிடுங்கிட்டேன். வேற வழியில்ல. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி வேரை வாளித் தண்ணியில அலசிப் பாத்தேன். அந்த வேரை நீங்க ஒருதடவை பாக்கணும். சாதா வேரு நடுவுல அங்கங்க, பால் பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி, ஒரு அங்குல நீளத்துக்கு வெள்ளை முடி நெருக்கமா சுத்தி நிக்குது. ஒண்ணோட ஒண்ணு மண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு, உதறினாலும் விடல. கெடைக்காத சத்தைத் தேடறதுக்குன்னு அவ்ளோ ஏற்பாடு.

மாமாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு ஒரு கேள்வி போட்டாரு பாருங்க.

"ஏன் மாப்ளே, சில்வர் ஓக்கும் இதே ஜாதின்னு நீதானே சொன்ன? அது எங்க தேயிலை உரத்தைத் தின்னுட்டு அறுபது அடி நிக்குதே?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. நெஜம்தான். சில்வர் ஓக்கோட பேரே கிரெவில்லியா ரொபஸ்டா. கூடப் பொறந்தவன்னே வெச்சுக்கலாம். பதில் சொல்லத் தெரியாம காபி ஆறிப் போச்சுன்னு உள்ள போயிட்டேன்.

அப்புறம் தேடிப் படிச்சேன். மூணு விஷயம் இருக்கு. சில்வர் ஓக் மழைக்காட்டு ஓரத்துல, கொஞ்சம் வளமான மண்ணுல வளந்தவன், அதனால பாஸ்பரஸைத் தாங்குவான். தேயிலைக்குப் போடறதுல பெரும்பங்கு நைட்ரஜனும் பொட்டாஷும்தான், பாஸ்பேட் கொஞ்சம். அது மட்டுமில்லாம தேயிலை மண்ணு நல்ல புளிப்பு மண்ணு, போடற பாஸ்பேட்டை இரும்பும் அலுமினியமும் பிடிச்சு வெச்சுக்கும், வேருக்கு விடாது. என் செடி வெச்ச எடத்துல மாமா கேரட்டுக்காக ரெண்டு வருஷமா சுண்ணாம்பு போட்டு புளிப்பை எடுத்துட்டாரு. அது மேல குட்டிச் செடி காலடியிலயே கைப்பிடி டி.ஏ.பி.! ஆக, தப்புல எனக்கும் பங்கு உண்டு. காய்கறிப் பாத்தியில கொண்டு போய் அவளை நட்டது நான்தான்.

இதே நேரத்துல உங்ககிட்ட ஒரு விஷயம் சண்டை போட்டே சொல்லணும். ஆஸ்திரேலியாச் செடி வேணும்னு கேட்டு எழுதறவங்க முக்கால்வாசிப் பேரு கேக்கறது வாட்டில். மஞ்சப் பஞ்சுருண்டையா பூக்குமே, போட்டோவுல அள்ளிக்கிட்டுப் போகும். மலையில அதுக்கு சீகை மரம்னு பேரு. தயவு செஞ்சு வேணாம்.

விறகுக்கும் தோல் பதனிடற பட்டைக்கும்னு வெச்ச மரம். புல்வெளியெல்லாம் 'சும்மா கெடக்கற எடம்'னு நெனச்சு நட்டாங்க. அந்தப் புல்லுதான் மழைத்தண்ணியைப் பிடிச்சு வெச்சு ஓடையா விட்டுக்கிட்டிருந்துச்சு. இப்ப வெட்டினாலும் போகல. வேருல இருந்து தழையுது, தரையில விழுந்த விதை பல பத்து வருஷம் செத்த மாதிரி கெடந்துட்டு வெயில் பட்டதும் கம்பளம் மாதிரி முளைக்குது. அயல் செடிங்களை அகத்தணும்னு தமிழ்நாடு அரசு 2022-ல கொள்கையே போட்டுச்சு. கோத்தகிரியில பக்கத்து வீட்டுப் படகர் பாட்டி என் செடி ஒண்ணைப் பாத்து கேட்ட முதல் கேள்வி, "இது ஓடுமா?" அழகா இருக்கா, வாசனை வருமான்னு கேக்கல. ஓடுமான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் நான் எந்தச் செடி வாங்கறதுன்னாலும் முதல்ல கேக்கறது அதைத்தான். விதை தானா விழுந்து சுத்தி முளைக்குதான்னு ஒவ்வொரு தடவை போறப்பவும் குனிஞ்சு பாக்கறேன். லெப்டோஸ்பெர்மத்துக்கு அடியில போன வருஷம் மூணு குட்டி இருந்துச்சு. பிடுங்கிட்டேன். அடுத்த வருஷமும் வந்தா தாயையே எடுத்துடுவேன். பாசமெல்லாம் வேலிக்குள்ளதான். கிரெவில்லியா வாடின பூவையும் காயாக விடாம கிள்ளிட்டுத்தான் வந்தேன்.

வளர்க்கணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு என் நோட்டுல மிஞ்சினது இவ்ளோதான். சரிவுல நடுங்க, தண்ணி நிக்காத எடமா. கிழக்குக் கரைக்காரங்களை எடுங்க. முதல் வருஷம் மட்டும் தண்ணி ஊத்துங்க. பூத்து முடிஞ்சதும் நுனியை மட்டும் வெட்டுங்க, கட்டைக் கிளையில கத்தி வைக்காதீங்க (பாட்டில் பிரஷ் மட்டும் எப்படி வெட்டினாலும் தழைக்கும்). பாட்டில் பிரஷும் லெப்டோஸ்பெர்மமும் நம்ம நாவல், கொய்யாவுக்கு சொந்தக்காரங்க, கொஞ்சம் உரம் பட்டாலும் சமாளிக்கும். கிரெவில்லியா, பாங்க்சியா பக்கம் டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள், கோழி எரு எதுவும் வரக் கூடாது. காஞ்ச சருகு போதும். கருணை காட்டாதீங்க.

ஆங், ரெண்டாவது கிரெவில்லியா.

நட்ட அன்னைக்கு எடம் பத்தாம, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, பாறை எடுக்குல சொருகி வெச்சேன். சத்தியமா மறந்தே போயிட்டேன். தண்ணி ஊத்தல, களை எடுக்கல, ஒரு வருஷமா எட்டிக்கூடப் பாக்கல. போன வாரம் பிடுங்கின வேரைக் கழுவிட்டு வாளித் தண்ணியை ஊத்தப் போனப்பதான் கண்ணுல பட்டுச்சு. என் இடுப்பு உசரம். இலையில ஒரு புள்ளி இல்ல. எண்ணிப் பாத்தேன், பதினோரு மொட்டு.

மாமா இன்னும் அதைப் பாக்கல. கோத்தகிரிப் பக்கம் போறவங்க யாராவது அவரைச் சந்திச்சா, தொட்டிக்குப் பின்னாடி ஒரு செடி இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. மூட்டையில இன்னும் அரைவாசி டி.ஏ.பி. பாக்கி இருக்கு.